எட்டாவது வளைவில் நிற்கும் ஜீப்

பழைய ஜீப்பை வைத்துக்கொண்டு தானே பழுது பார்க்கிறவனுக்கு முதலில் போவது பொறுமை. நகத்துக்குள் கிரீஸ் ஏறுவதும் சட்டையில் டீசல் வாடை நிரந்தரமாகக் குடியேறுவதும் அப்புறம்தான். இருபத்திரண்டு வருடங்களாக நான் இந்த ஒரே ஜீப்போடு மல்லுக்கட்டுகிறேன். வாரத்தில் ஐந்து நாள் திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சனிக்கிழமை காலையில் வீட்டு வாசலில் கோணிச்சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுக்கை. தெருவில் போகிறவர்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என் கால்களைப் பார்த்து, "சார், என்ன இன்னைக்கும் வேலையா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். பதில் சொல்ல வாயைத் திறந்தால் ஆயில் சொட்டும்.

ஆசைக்கு வைத்திருந்த வண்டி இல்லை இது. என் அக்காவுக்காக வைத்திருந்தது. அவள் சிறுமலையில் ஆரம்பப் பள்ளி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள். ஓய்வு பெற்ற பிறகும் கீழே இறங்கி வரவில்லை. மேலே இரண்டு ஏக்கரில் மலைவாழை, மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக்கொடி, ஓர் ஓட்டு வீடு, வீட்டுக்குப் பின்னால் வற்றாத ஓர் ஊற்று. பஸ் நிற்கிற இடத்திலிருந்து அந்த வீட்டுக்கு நாலு கிலோமீட்டர் மண்பாதை. மழை பெய்துவிட்டால் வாடகை வண்டிக்காரர்கள் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார்கள். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டிதான் அந்தச் சேற்றில் ஏறும். என் ஜீப்பில் கியர் கம்பிக்குப் பக்கத்தில் குட்டையாக இன்னொரு கம்பி உண்டு. அதைத் தள்ளிப் போட்டால் முன் சக்கரங்களும் இழுக்க ஆரம்பிக்கும். அந்தக் குட்டைக் கம்பி இருந்ததால்தான் அக்கா மலையில் இருந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் நான் மேலே போய் அக்காவையும் வாழைத்தார்களையும் ஏற்றிக்கொண்டு வருவேன். ஞாயிறு காலைப் பூசைக்கு எங்களோடு கோயிலுக்கு வருவாள். சாமான் வாங்குவாள், எங்கள் வீட்டில் சாப்பிடுவாள். இரண்டரை மணிக்கெல்லாம் பையை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்பாள். எங்கள் வீட்டில் ஒரு ராத்திரிக்கு மேல் அவளுக்குத் தூக்கம் பிடிக்காது. தெருவில் ஹாரன் அடித்தால் எழுந்து உட்கார்ந்துகொள்வாள். கோயம்புத்தூரில் இருக்கிற எங்கள் தம்பி போன் பண்ணும்போதெல்லாம், அக்காவைக் கீழே கூட்டிக்கொண்டு வந்துவிடலாம், வயது அறுபத்தாறு ஆகிவிட்டது, தனியாக என்ன வேண்டிக்கிடக்கிறது என்பான். வண்டி ஓடுகிற வரைக்கும் அக்கா மேலேதான் இருப்பாள் என்று நான் ஒற்றைக்காலில் நிற்பேன். ஆக, பந்தயம் அக்கா மேல் இல்லை, ஜீப் மேல்.

அந்த ஜீப்தான் இரண்டு வருடத்துக்கு முன்னால் என் மானத்தை வாங்க ஆரம்பித்தது. ஊருக்குள் ஓட்டினால் ஒன்றும் இல்லை. கொடைரோடு வரைக்கும் அறுபதில் போய்த் திரும்பினாலும் சூடு காட்டுகிற முள் நடுவிலேயே நிற்கும், பரம சாது போல. சிறுமலை ரோட்டில் வைத்தால் நாலாவது கொண்டை ஊசி வளைவிலேயே முள் கிளம்பும். ஆறாவதில் சிவப்பைத் தொடும். எட்டாவதில் முன்னால் ஆவி பறக்கும். பதினெட்டு வளைவில் பாதி கூட ஏறியிருக்காது. எஞ்சினை அணைத்துவிட்டு, நானும் அக்காவும் ஓரச் சுவரில் உட்கார்ந்து, அது ஆறுகிற வரைக்கும் குரங்குகளுக்கு வேடிக்கைப் பொருளாக இருப்போம்.

மெக்கானிக்கிடம் விட்டிருக்கலாம். என் மனைவி அதை ஆயிரம் தடவை சொன்னாள். எனக்குத்தான் ரோஷம். கணக்கில் ஒரு விடை தப்பாக வந்தால் படிப்படியாகப் பின்னால் போய் எந்த வரியில் பிசகு என்று பார்க்கச் சொல்கிறவன் நான். அதையே வண்டியிலும் செய்தேன். முதலில் ஃபேன் பெல்ட். கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம்தான் அமுங்க வேண்டும். அப்படித்தான் அமுங்கியது. இருந்தாலும் புதிது மாட்டினேன். அடுத்தது, சூடு ஏறினால் திறந்து தண்ணீரை விடுகிற தெர்மோஸ்டாட். அதைக் கழற்றி, மனைவியின் பால் சட்டியில் போட்டு அடுப்பில் கொதிக்க வைத்துத் திறக்கிறதா என்று பார்த்தேன். அழகாகத் திறந்தது. பால் சட்டிக்காக நாலு நாள் வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை. ரேடியேட்டர் மூடியை மாற்றினேன். ரேடியேட்டரின் தகட்டு இடுக்குகளில் ஒட்டியிருந்த வாழைநாரையும் பூச்சிகளையும் பழைய பல் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகக் குடைந்து எடுத்தேன். வால்வு இடைவெளியைத் தகடு விட்டுப் பார்த்துச் சரிசெய்தேன். ஆயில், டீசல் ஃபில்டர், காற்று ஃபில்டர் எல்லாம் புதுசு. அப்புறமும் எட்டாவது வளைவில் நின்றது.

போன வருடம் காலாண்டு விடுமுறை முழுக்க எஞ்சின் தலையைக் கழற்றிப் போட்டேன். உள்ளே கேஸ்கட் போயிருக்கும் என்று அடித்துச் சொன்னேன், என்னிடமே. கழற்றிப் பார்த்தால் கேஸ்கட் குத்துக்கல்லாட்டம் நன்றாக இருந்தது. வயிற்றெரிச்சலோடு புதிதைப் போட்டு, போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மூன்று சுற்றில் முறுக்கி, இடுப்பு பிடித்துக்கொண்டு இரண்டு நாள் படுத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏழாவது வளைவைத் தாண்டியபோது செபமாலையைக் கையில் வைத்திருந்த அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். எட்டாவதில் ஆவி வந்தது. ஸ்டியரிங்கில் ஓங்கிக் குத்தினேன். வலித்தது எனக்குத்தான்.

அப்போதெல்லாம் வண்டிக்குப் பின்னால் இரண்டு கேன் தண்ணீர் வைத்திருப்பேன், எங்கள் வீட்டுப் போர் தண்ணீர். எட்டாவது வளைவில் பாறையிடுக்கிலிருந்து ஓர் ஊற்று நூல் மாதிரி ஒழுகும். அதைப் பிடித்து ஊற்றலாமே என்று அக்கா ஒருமுறை சொன்னாள். குடிக்கிற தண்ணீரைக் கொண்டுபோய் ரேடியேட்டரில் ஊற்றுவதா என்று அவளிடம் கோபப்பட்டேன். எங்கள் தெருக்காரர்கள் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். எங்கள் வீடுகளில் தண்ணீர் இரண்டு ஜாதி. குழாயில் வருவது நல்ல தண்ணி. அது வாரம் கழித்தோ பத்து நாள் கழித்தோ தன் மனசுப்படி வரும். வந்தால் குடம், டிரம், டம்ளர் வரைக்கும் பிடித்து வைப்போம். அது சோறு பொங்க, குடிக்க. மற்ற எல்லாவற்றுக்கும் போர் தண்ணி, அதாவது உப்புத் தண்ணி. குளித்தால் சோப்பு நுரைக்காது. நல்ல தண்ணியில் யாராவது கால் கழுவினால் என் மனைவி அன்று முழுக்க அவர்களை விட மாட்டாள். இதில் ஜீப்புக்கு நல்ல தண்ணி கேட்டால் என்னைத்தான் ரேடியேட்டரில் ஊற்றியிருப்பாள்.

இப்படியே இரண்டு வருடம் ஓடிய பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. பள்ளிக்கூடம் திறந்து இரண்டு வாரம். பின்னால் ஒரு கேஸ் சிலிண்டர், ஒரு மூட்டை அரிசி, முன்னால் அக்கா. எட்டாவது வளைவில் வழக்கம்போல முள் சிவப்பில் படுத்துவிட்டது. ஹேண்ட் பிரேக் சரிவில் முழுசாகப் பிடிக்காது என்பதால் அக்கா இறங்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டே ஓரத்திலிருந்து கல்லை உருட்டி வந்து பின்சக்கரத்துக்கு அணை கொடுத்தாள். அறுபத்தாறு வயது. வாராவாரம் செய்து செய்து, எந்தக் கல் சக்கரத்துக்குச் சரியாக இருக்கும் என்பது கூட அவளுக்குத் தெரிந்திருந்தது. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. சூடு ஆற அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று தெரியும். மாணவர்களுக்கே சொல்லிக் கொடுக்கலாம், அம்புட்டு நன்றாகத் தெரியும். கோபத்தில் பழைய துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகினேன்.

கொதிக்கிற தண்ணீர் மேலே பீறிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன், கையை இழுக்க முடியவில்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் வெந்துவிட்டது. அக்கா என் கையைப் பிடித்து அந்த ஊற்றுக்கு அடியில் நீட்டி வைத்துக்கொண்டாள். நெடுநேரம் விடவே இல்லை. நான் வலியை மறைக்க வண்டியைத் திட்டிக்கொண்டிருந்தேன். திட்டி முடித்ததும் அவள் சொன்னாள்:

"போதும்ப்பு. நான் இங்ஙன இருக்கணும்னு நீ இப்படி வெந்து சாக வேணாம். நான் கீழ வந்துர்றேன்."

அடுத்த வாரம் சரிபண்ணிவிடுவேன் என்றேன்.

"ரெண்டு வருசமா இதத்தான சொல்ற" என்றாள்.

குரலில் கோபம் இல்லை. அதனாலேயே எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அக்கா ஒரு சொல் சொன்னால் சொன்னதுதான். மூன்று வாரத்தில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவருக்கு வீட்டையும் தோட்டத்தையும் ஐந்து வருடக் குத்தகைக்குப் பேசி முடித்தாள். அடுத்த மாத ஆரம்பத்தில் சாவியைக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு பெட்டிகளோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஜீப்பில் கூட்டிக்கொண்டு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். என் கையில் அப்போதும் கட்டு இருந்தது.

எங்கள் முன்னறையில் கட்டில் போட்டுக் கொடுத்தோம். என் மனைவி அவளை நன்றாகத்தான் வைத்துக்கொண்டாள், குறை சொல்ல முடியாது. ஆனால் அக்கா விருந்தாளி மாதிரி இருந்தாள். ஃபேன் போடலாமா என்று கேட்டாள். எந்தக் குடத்தில் எதற்குத் தண்ணீர் எடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் கேட்டுவிட்டுத்தான் டம்ளரை விட்டாள். விடிகிறதற்கு முன்பே எழுந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பாள், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி. ஏன்க்கா தூங்கலையா என்றால், தூங்கினேனே என்பாள். இதையெல்லாம் பார்க்கப் பார்க்க எனக்கு அந்த ஜீப்பைக் கடப்பாறையால் அடிக்க வேண்டும் போல இருந்தது.

அடிக்கத்தான் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சனிக்கிழமை, கட்டு அவிழ்த்த கையோடு, ரேடியேட்டரை முழுசாகக் கழற்றி வாசலில் போட்டேன். பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு வண்டியை விற்றுவிடுவது என்று முடிவு. தூக்கும்போது கனமாக இருந்தது. தண்ணீரை எல்லாம் வடித்துவிட்டேனே, இம்புட்டுக் கனம் எதற்கு என்று அதன் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே இருக்கிற சின்னக் குழாய்களின் வாய்களைக் காணோம். சுண்ணாம்பு பூசிய சுவர் போல வெள்ளையாக ஏதோ மூடியிருந்தது. என்னவென்று புரியாமல் ஸ்குரூ டிரைவரால் சுரண்டிக்கொண்டிருந்தேன். துணி காயப்போட வந்த என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இது நம்ம ஹீட்டர் கம்பில ஒட்டியிருக்கற உப்புல்ல?"

குளிக்க வெந்நீர் வைக்கிற ஹீட்டர் கம்பி. ஆறு மாதத்துக்கு ஒன்று அந்த உப்பு ஏறித்தான் வீணாகும். நானே அதைச் சுரண்டியிருக்கிறேன். உப்புத் தண்ணியைக் காய்ச்சினால் உப்பு தங்கும் என்பது எனக்குத் தெரியாததா? ஜீப்பின் தண்ணீர் பம்ப் எட்டு வருடமாகச் சொட்டுச் சொட்டாகக் கசியும். சின்னக் கசிவுதானே என்று நான் அதைத் தொடவில்லை. தினமும் காலையில் குறைந்த அளவுக்கு ஒரு சொம்பு உப்புத் தண்ணி ஊற்றுவேன். ரேடியேட்டருக்கென்றே பச்சையாக விற்கிற கூலன்ட்டை, சாயத் தண்ணி என்று கேலி செய்திருக்கிறேன். எட்டு வருடம், தினம் ஒரு சொம்பு. கணக்கு வாத்தியார் போட்டுப் பார்க்காத கணக்கு அது ஒன்றுதான். பெல்ட்டில், கேஸ்கட்டில், வால்வில் எல்லாம் பிசகு தேடினேன். என் கையில் இருந்த சொம்பில் தேடவில்லை. வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். மனைவி துணியைக் கூடக் காயப்போடாமல் உள்ளே போனாள். நல்ல தண்ணியைக் காவல் காத்ததில் அவளுக்கும் பங்கு உண்டு என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

மளிகைக் கடையில் சிட்ரிக் ஆசிட் என்கிற எலுமிச்சை உப்பு வாங்கி வெந்நீரில் கரைத்து ரேடியேட்டரில் நிரப்பி ஊறவிட்டேன். பொங்கிப் பொங்கிச் சகதியாக வந்தது. நாலு தடவை அப்படி. ரேடியேட்டரை மறுபடி மாட்டி, எஞ்சினுக்குள்ளும் அதையே விட்டு, ஓடவிட்டு, வடித்தேன். பம்ப்பை மாற்றினேன், ஒரு மணி நேர வேலை. எட்டு வருடமாகத் தள்ளிப்போட்டது அந்த ஒரு மணி நேரத்தை. கடைசியில் நிரப்பும்போது மனைவி தானாகவே இரண்டு குடம் நல்ல தண்ணியைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்தாள். கூலன்ட்டோடு கலந்து ஊற்றினேன். அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சரியாகிவிட்டதா என்று அவளும் கேட்கவில்லை, ஆகிவிட்டது என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. எத்தனை தடவைதான் அதைச் சொல்வது?

மறுநாள் மாதம் பிறந்தது. குத்தகைக்காரருக்குச் சாவி கொடுக்க வேண்டிய நாள். அக்கா சாவியைக் கைக்குட்டையில் முடிந்து என்னிடம் கொடுத்தாள். அவள் வரவில்லை என்றாள்.

"ஜீப்புலயே போ" என்றாள். "ஒண்ணும் அவசரமில்ல. வண்டி எப்படி ஏறுதுன்னு பாத்துப் போ."

சரி என்று கிளம்பினேன். நாலாவது வளைவில் முள் நடுவில் இருந்தது. ஆறாவதில் நடுவில் இருந்தது. எட்டாவதில் ரோட்டைப் பார்க்காமல் முள்ளையே பார்த்துக்கொண்டு போய் ஓரச் சுவரில் இடிக்க இருந்தேன். முள் அசையவில்லை. பதினெட்டையும் ஒரே மூச்சில் ஏறியது. யார் மேல் என்று தெரியாத ஆத்திரத்தில் எனக்குக் கண் கலங்கியது. இரண்டு மாதத்துக்கு முன்னால் இப்படி ஏறியிருந்தால் என்ன? மேலே முந்தைய நாள் பெய்த மழையில் மண்பாதை குழைந்து கிடந்தது. குட்டைக் கம்பியைத் தள்ளிப் போட்டேன். வண்டி முனகாமல் சேற்றைக் கடந்தது.

குத்தகைக்காரரும் அவர் மனைவியும் வீட்டு வாசலில் பாய், பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்தார்கள். நான் சாவியை எடுக்காமல் செத்த நேரம் வண்டியிலேயே இருந்தேன். திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. ஆனால் அக்கா வாக்குக் கொடுத்திருக்கிறாள். அவள் வாக்கை மாற்ற நான் யார்? தவிர, இரண்டு வருடமாக அவளுக்காக நான் எடுத்த முடிவுகள் எல்லாம் எப்படி முடிந்தன என்று எனக்குத் தெரியும். சொன்னதைச் செய்துவிட்டுப் போவோம் என்று இறங்கி, கைக்குட்டையை அவிழ்த்துச் சாவியைக் கொடுத்தேன். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பூட்டைத் திறந்தார். காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னார்கள். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா அடுப்படி வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவளுடைய இரண்டு பெட்டிகளும் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்து, பூட்டி, மலைக்குத் திரும்பக் கிளம்புவது போல் சுவர் ஓரமாக நின்றன. கட்டிலில் விரிப்பு மடித்துக் கிடந்தது.

"வண்டி எப்படிப்பு ஏறுச்சு?"

"நிக்கவே இல்லக்கா. முள்ளு அசையல."

அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. நான் எட்டாவது வளைவைப் பற்றி, சேற்றைப் பற்றிச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள். கைக்குட்டை அதில் வெறுமனே இருந்தது.

"சாவியக் குடுத்திட்டியா?"

"குடுத்திட்டேன்க்கா."

"சரி" என்றாள். நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவள் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு எழுந்து, முன்னறைக்குப் போய், பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.